ஓவன் இல்லாத வீட்டில் சுவீடன் இலவங்கப்பட்டை பன்: ரைஸ் குக்கரா, ஏர் ஃபிரையரா?

ஈசூன்வாசி:
சிங்கப்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஓவன் கிடையாது. வாங்கி வைக்க மேடையில் இடமும் இல்லை. சுவீடனில் 1999 முதல் அக்டோபர் 4ஆம் தேதியை இலவங்கப்பட்டை பன்னுக்குரிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று அலுவலகத்திலுள்ள சுவீடன்காரர் ஒருவருக்குக் கனெல்புல்லே எனப்படும் அந்தப் பன்னைச் செய்து கொண்டுபோக விரும்புகிறேன். என்னிடம் இருப்பவை ஒற்றைப் பொத்தான் ரைஸ் குக்கர், சிறிய ஏர் ஃபிரையர், இட்லிக் கொப்பரை. செய்முறைகளோ 225 டிகிரி செல்சியஸில் எட்டு முதல் பத்து நிமிடம் சுடச் சொல்கின்றன. எதை நம்பி மாவு பிசைவது?

மின்பணியாளர்:
ரைஸ் குக்கரில் முடியும், ஆனால் அது இயங்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும். நீர் வற்றி, பாத்திரத்தின் அடிவெப்பம் 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் கீழேயுள்ள காந்தம் பிடிப்பை இழந்து பொத்தானை விடுவித்துவிடும். பன்னில் வற்றுவதற்குச் சோறு அளவுக்கு நீர் இல்லாததால், சில நிமிடங்களிலேயே பொத்தான் மேலே வந்துவிடுகிறது. சற்று ஆறவிட்டு மறுபடி அழுத்துவதுதான் வழி. பொத்தானில் கரண்டியைச் செருகி எழவிடாமல் தடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; காப்புக்கென வைத்த அமைப்பைச் செயலிழக்கச் செய்யும் அந்த வேலை வேண்டவே வேண்டாம். மேற்புறம் வெளிறியே இருக்குமென்பதால், அடி சிவந்ததும் தட்டில் கவிழ்த்து, அடையைப் போலத் திருப்பிப் போடுங்கள். நெருக்கி அடுக்கிய சுருள்கள் ஒட்டிக்கொண்டு கேக்காக வரும். தனித்தனி பன்னாக வராது.

தேக்காக்காரி:
மேலே சொன்னது சரி. ஆயினும் விருந்தாளிக்குக் கொடுப்பதென்றால் ஏர் ஃபிரையரே என் தேர்வு. வெப்பக்கம்பி பன்னுக்கு மிக அருகில் இருப்பதாலும், விசிறி சூடான காற்றைச் சுழற்றுவதாலும், 225 டிகிரி வைத்தால் மேற்புறம் கருகி நடுச்சுருள் பச்சை மாவாக நின்றுவிடும். 160 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து, ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். முன்சூடு செய்யும்போது, மேலே பன் இல்லாமல் வெறும் பேக்கிங் காகிதத்தை உள்ளே போடாதீர்கள். அது பறந்து கம்பியில் ஒட்டிக்கொள்ளும். இட்லிக் கொப்பரையை விட்டுவிடுங்கள், அதில் வெந்தால் ஆவியில் வேகும் சீன பாவ்தான் கிடைக்கும்.

கருவியைவிட முக்கியமானது ஏலக்காய். சுவீடன்காரர்கள் அதை மாவிலேயே சேர்ப்பார்கள். தேக்கா சந்தையில் முழு ஏலக்காய் வாங்கி, விதைகளை மட்டும் உரலில் கொரகொரப்பாக இடித்து, 250 கிராம் மைதாவுக்கு ஒரு தேக்கரண்டி போடுங்கள். பொடியாக விற்பதில் பாதி மணம் போயிருக்கும். மேலே தூவும் முத்துச் சர்க்கரைக்கு (சூட்டில் எளிதில் உருகாத வெள்ளைச் சர்க்கரை மணிகள்) பதில் டைமண்ட் கற்கண்டை உடைத்துப் போடச் சிலர் சொல்கிறார்கள். அது பல்லுக்குக் கேடு. முட்டை பூசி, பெரிய பரல் சர்க்கரை தூவினால் போதும்.

ஈசூன்வாசி:
இருவருக்கும் நன்றி, ஏர் ஃபிரையரிலேயே செய்கிறேன். இன்னோர் ஐயம்: நம் ஊர்ச் சூட்டில் உள்ளே தடவும் வெண்ணெய் உருகி வெளியே வழிந்துவிடாதா?

தேக்காக்காரி:
வழியும். அந்தச் செய்முறைகள் குளிர்நாட்டுக்கானவை. பாலை 37 டிகிரிக்குச் சூடாக்கச் சொல்வதும் அதனால்தான். 30 டிகிரி தொடும் நம் சமையலறையில் குளிர்ந்த பாலிலேயே பிசையலாம், மாவு தானாகவே விரைவில் எழும்பிவிடும். வெண்ணெய், சர்க்கரை, பட்டைப்பொடிக் கலவையில் ஒரு தேக்கரண்டி மைதாவையும் சேர்த்தால் உருகினாலும் அவ்வளவாக ஓடாது. சுருட்டியதும் இருபது நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து, பிறகு வெட்டுங்கள். காலையில் சூடாகக் கொண்டுபோக வேண்டுமென்றால், வெட்டிய சுருள்களை மூடி இரவு முழுதும் குளிர்பெட்டியிலேயே விட்டு, எழுந்ததும் வெளியே எடுத்து, உப்பி மென்மையான பிறகு நான்கு நான்காகச் சுடுங்கள். கூடையில் அதற்கு மேல் அடுக்கினால் பக்கங்கள் வேகாது.