முன்னால் இரண்டு சக்கரம்: எம்பி3, ட்ரைசிட்டி, நிகென், ரைக்கர். இதில் யாருக்கு யார் போட்டி?

கேள்வி: புறநகர்ப்பயணி

பாரிஸ் புறநகரிலிருந்து நகருக்குள் தினமும் வேலைக்குப் போய்வர ஒரு மூன்று சக்கர வண்டி தேடுகிறேன். ஒரு பக்கம் 25 கி.மீ., பாதிக்கு மேல் நெடுஞ்சாலை. கையில் இருப்பது கார் லைசென்ஸ் மட்டும், எடுத்து 6 ஆண்டு ஆகிறது. பார்த்து வைத்தவை பியாஜியோ எம்பி3, யமஹா ட்ரைசிட்டி 300, யமஹா நிகென், கான்-ஆம் ரைக்கர். நான்குக்கும் முன்னால் இரண்டு சக்கரம்தான். அப்படியிருக்க நிகெனுக்கு மட்டும் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் ஏன் கேட்கிறார்கள்? பழைய வண்டி என்றால் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: இணைகரம்

எல்லாம் அந்த 460 மி.மீ. கணக்குதான். முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடும் இடங்களின் நடுப்புள்ளிகளை அளந்து பாருங்கள். இடைவெளி 460-க்குக் குறைவாக இருந்தால் ஐரோப்பியச் சட்டம் இரண்டையும் சேர்த்து ஒரே சக்கரமாக எண்ணும். அதாவது அது மோட்டார் சைக்கிள். நிகெனில் இந்த இடைவெளி 410, ட்ரைசிட்டி 300-இல் 470. 2006-இல் வந்த முதல் எம்பி3-யும் 460-க்குள் அடங்கியதுதான். கார் லைசென்ஸ்காரர்களை இழுக்கவே பியாஜியோ இடைவெளியை 465 ஆக்கி எல்டி என்ற வகையை இறக்கியது. காலால் மிதிக்கும் பிரேக், அகலமான இண்டிகேட்டர் இடைவெளி எல்லாம் அதோடு சேர்ந்தே வந்தன.

ஆகவே உங்கள் பட்டியலில் நேருக்கு நேர் மோதுபவை எம்பி3 எல்டியும் ட்ரைசிட்டி 300-உம். 2013-இல் வந்த பெஜோ மெட்ரோபோலிஸ் 400-ஐ விட்டுவிட்டீர்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த நிகென் 847 சிசி, 263 கிலோ. வளைவுகளில் முன்சக்கரத்தை நம்பிச் சாய விரும்பும் பைக்காரருக்கான வண்டி அது. நிற்கும்போது வண்டி சாயாமல் பூட்டிப் பிடிக்கும் டில்ட் லாக் கிடையாது, சிக்னலில் கால் ஊன்றியே ஆக வேண்டும்.

பிரான்சில் கார் லைசென்ஸ் எடுத்து 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், 7 மணி நேரப் பயிற்சிச் சான்றும் வேண்டும். என்ஜின் திறன் 15 கிலோவாட்டுக்கு மேல் என்றால் வயது 21 ஆகியிருக்க வேண்டும். ட்ரைசிட்டி 300-உம் அந்த வரம்பைத் தாண்டியதுதான்.

பதில்: வால்கோர்ட்

ரைக்கர் பற்றி மட்டும். சட்டப்படி அதே கார் லைசென்ஸிலும் பயிற்சியிலும் ஓட்டலாம். ஆனால் அகலம் சுமார் ஒன்றரை மீட்டர். பிரான்சில் 2025 ஜனவரியிலிருந்து நெடுஞ்சாலை நெரிசலில் வரிசைகளுக்கு நடுவே, 50 கி.மீ. வேகத்துக்குள், புகுந்து போக அனுமதி உண்டு. அது 1 மீட்டருக்கு மிகாத வண்டிகளுக்கு மட்டும். ரைக்கரில் கார்களுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று, அது சாயாது. கான்-ஆம் பெயரில் 2007-இல் ஸ்பைடர் என்ற மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்த பிஆர்பி, கனடாவின் கியூபெக்கில் உள்ள வால்கோர்ட்டில் பனிவண்டி செய்து வளர்ந்த நிறுவனம். ஸ்லிங்ஷாட் என்ற மூன்று சக்கர வண்டி செய்யும் பொலாரிஸும் அப்படியே. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் ஒரு பட்டை என்ற பனிவண்டி அமைப்புதான் இங்கே சக்கரமாக மாறியிருக்கிறது. ஸ்கூட்டர் செய்தவர்கள் சாய வைத்தார்கள், பனிவண்டி செய்தவர்கள் சாயாமல் விட்டார்கள். வளைவில் வண்டி உங்களை வெளிப்பக்கம் தள்ளும், உடலை உள்பக்கம் கொண்டுவர வேண்டும். ரைக்கரில் கையில் பிரேக்கே இல்லை, வலது கால் மிதி ஒன்றுதான் மூன்று சக்கரத்துக்கும். ஸ்கூட்டர் பழக்கத்தில் விரல்கள் பிரேக் தேடும். வேகம் எடுக்கும் முன் காலி இடத்தில் இதைப் பழகிவிடுங்கள்.

குழியை முன்சக்கரங்களுக்கு நடுவே விட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பின்சக்கரம் நேராக அதில்தான் இறங்கும். சிக்னல்களில் தடத்தின் நடுவே கார்கள் சொட்டிய எண்ணெய்ப் பட்டையும் பின்சக்கரத்தின் பாதையில்தான் இருக்கும். மழை தொடங்கிய முதல் நிமிடங்களில் மெதுவாகக் கிளம்புங்கள்.

பதில்: புறநகர்ப்பயணி

நன்றி, ரைக்கரையும் நிகெனையும் எடுத்துவிட்டேன். எம்பி3 எல்டிக்கும் ட்ரைசிட்டி 300-க்கும் டில்ட் லாக் ஒரே மாதிரியா?

பதில்: இணைகரம்

இல்லை, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எம்பி3-யின் லாக் சாய்மானத்தோடு முன் சஸ்பென்ஷனையும் இறுக்கிப் பிடிக்கும். ட்ரைசிட்டியின் ஸ்டாண்டிங் அசிஸ்ட் சாய்மானத்தை மட்டும் பிடிக்கும், சஸ்பென்ஷன் அசைந்துகொண்டே இருக்கும். நின்றபடி ஒரு பக்கம் உடலைச் சாய்த்தால் 239 கிலோவும் அந்தப் பக்கம் அமுங்கும். அதை நிமிர்த்தித் தரும் கருவி என்று எண்ணாதீர்கள், நிமிர்ந்த வண்டியை அப்படியே வைத்திருக்க உதவும், அவ்வளவுதான்.

இரண்டிலும் எந்தக் கோணத்தில் லாக் போடுகிறீர்களோ அந்தக் கோணத்திலேயே நிற்கும். சாய்ந்தபடி போட்டால் சாய்ந்தேதான். எம்பி3-யில் ஆக்சிலேட்டரைத் திருகியதும் லாக் தானாக விடுபடும். கால்களை மேலே வைத்துக்கொண்டு சிக்னலில் தெரியாமல் லேசாகத் திருகினால் லாக் போய்விடும், கால் தரையில் இல்லை, வண்டி பக்கவாட்டில் விழும். புதிதாக ஓட்டுபவர்கள் கீழே போடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

பழைய வண்டியில்:

சமதளத்தில் நிமிர்த்தி லாக் போட்டு 10 நிமிடம் விடுங்கள். ஒரு பக்கம் மெல்ல இறங்கினால் விலை பேசவே வேண்டாம். இறங்காவிட்டால் ஹேண்டிலைப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். 'டொக்' என்று சத்தம் வந்தால் முன்சக்கரங்களைத் தாங்கிச் சாய வைக்கும் இணைகரக் கைகளின் பேரிங் தளர்ந்திருக்கிறது.

டில்ட் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். பூட்டுவது மின்மோட்டார். பேட்டரி தளர்ந்தாலே விளக்கு எரியும், அதை மாற்றாமல் பட்டறைக்குச் செலவழிப்பவர்கள் அதிகம்.

முன் டயர் இரண்டும் ஒரே மாடலா, ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் உள்ஓரம் தேய்ந்திருந்தால் எங்கோ இடித்த வண்டியாக இருக்கலாம். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், காற்றும் இரண்டிலும் சமமாக இருக்கட்டும். ஒன்றில் குறைந்தாலே ஹேண்டில் அந்தப் பக்கம் இழுக்கும்.

பதில்: வால்கோர்ட்

ஒரு சேர்க்கை. ஈரமான கல் பாவிய தெருவில் முன்பக்கம் வழுக்காது என்பது பெருமளவு உண்மை. பின்பக்கம் வழக்கமான ஸ்கூட்டர்தான், வழுக்கும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) உள்ள மாடலையே எடுங்கள். பாதிக்கு மேல் நெடுஞ்சாலை என்பதால் ட்ரைசிட்டி 300-ஐவிட எம்பி3 400 உங்களுக்குப் பொருந்தும். நெருக்கமான இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தால் 2022-இல் வந்த எம்பி3 530-இல் ரிவர்ஸும் உண்டு.