ஐரோப்பிய மந்திரிகள் கூட்டம் முடியும்வரை காத்திருக்கலாமா? திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்

அனுப்பர்பாளையம் பவர்டேபிள்:
வணக்கமுங்க. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கிறோம். அவர்களுடைய மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிக்கிறவர்) கொஞ்ச நாளாகப் புதுசு புதுசாகப் பேப்பர் கேட்கிறார். எந்த மில் நூல், எந்தச் சாயப்பட்டறை, ஆட்கள் எந்த ஊர், யார் மூலம் வந்தார்கள், ஹாஸ்டலுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறோமா, எல்லாம் வேண்டுமாம். துணியை வாங்கும் ஜெர்மன் பையர் கேட்கிறாராம். ஆனால் சப்ளை செய்பவர்களிடம் தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல் மீறல் இருக்கிறதா என்று பெரிய கம்பெனிகள் பார்க்க வேண்டும் என்ற அந்தச் சட்டத்தையே ஐரோப்பாவில் தளர்த்திவிட்டதாகச் செய்தியில் படித்தேன், இப்போது மறுபடியும் மந்திரிகள் கூடப் போகிறார்கள் என்கிறார்கள். அங்கே முடிவாகட்டும் என்று இருக்கலாமா, இல்லை இப்போதே ஒரு ஆளைப் போட்டு ஆரம்பிக்க வேண்டுமா? 27 நாட்டு மந்திரிகள் கூடினால் அன்றைக்கே சட்டம் மாறிவிடுமா?

லாட் நம்பர்:
காத்திருக்காதீங்க அண்ணா. மந்திரிகள் கூடிய அன்றைக்கே எதுவும் மாறாது. ஐரோப்பிய ஆணையம்தான் சட்ட வரைவைக் கொடுக்கும், அதை மந்திரிகள் அவை ஒரு பக்கமும் ஐரோப்பிய பாராளுமன்றம் இன்னொரு பக்கமும் திருத்தும், அப்புறம் மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசி ஒரே வடிவத்துக்கு வந்து, மறுபடி இரண்டு இடத்திலும் ஓட்டுக்குப் போகும். மந்திரிகள் வருவதற்கு முன்பே பிரஸ்ஸல்ஸில் இருக்கும் தூதர்கள் பாதிக்கு மேல் பேசி முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலான விஷயங்களுக்கு 15 நாடுகளின் ஆதரவு வேண்டும், அந்த நாடுகளில் ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 65% இருக்க வேண்டும். அதனால் ஜெர்மனி மாதிரி ஒரு பெரிய நாடு ஒதுங்கினாலே கணக்கு உதைக்கும்.

நீங்கள் படித்த சட்டத்துக்கு நடந்ததும் அதுதான். 2024 பிப்ரவரியில் ஜெர்மனி ஓட்டுப் போடாமல் ஒதுங்க, இத்தாலியும் தயங்க, பேசி முடித்த வரைவே நின்றுபோனது. மார்ச்சில் சட்டத்துக்குள் வரும் கம்பெனிக்கான வரம்பை 1,000 பணியாளர், 45 கோடி யூரோ விற்றுமுதல் என்று உயர்த்திய பிறகுதான் தேறியது. 2025 டிசம்பரில் அதையும் 5,000 பணியாளர், 150 கோடி யூரோ என்று ஏற்றி, அமலை 2029 ஜூலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஆக, தளர்த்தியது உண்மைதான்.

ஆனால் உங்களிடம் கேட்கும் கேள்விகள் அந்த ஒரு சட்டத்தால் வந்தவை அல்ல. ஜெர்மனிக்கு 2023-இலிருந்தே இதே மாதிரி தனிச் சட்டம் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, கட்டாய உழைப்பில் செய்த பொருளை ஐரோப்பிய சந்தையில் விற்கக் கூடாது என்ற சட்டம். 2024-இலேயே நிறைவேறிவிட்டது, 2027 டிசம்பர் 14 முதல் அமல். இதில் கம்பெனி பெரிதா சிறிதா என்ற வரம்பே கிடையாது! ஆட்கள் யார் மூலம் வந்தார்கள், ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டினார்களா, ஆதார் கார்டை யாராவது வாங்கி வைத்திருக்கிறார்களா என்று கேட்பது இதற்காகத்தான். நம்மிடம் ஒடிசா, பீகார் பிள்ளைகள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பையருக்காக இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு நம்மிடம் நேராக இருக்க வேண்டும்.

அனுப்பர்பாளையம் பவர்டேபிள்:
ரொம்ப நன்றிங்க தம்பி, இப்படி யாரும் விளக்கிச் சொல்லவில்லை. இன்னொன்று. இந்தியா-ஐரோப்பா ஒப்பந்தம் முடிந்துவிட்டது, வரி போய்விடும், ஆர்டர் குவியும் என்று மிஷின் விற்பவர் ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மிஷின்கள் வாங்கச் சொல்லித் தினமும் போன் பண்ணுகிறார். லோன் போடலாமா?

நொய்யல் கரை:
அதற்குக் கொஞ்சம் பொறுங்க. 2026 ஜனவரி 27-இல் முடிந்தது பேச்சுவார்த்தைதான். 2007-இல் ஆரம்பித்து, 2013-இல் நின்று, 2022-இல் மறுபடி தொடங்கியது இந்த அளவுக்கு வந்ததே பெரிய காரியம், நம் துணிக்கு 12% வரை இருக்கும் வரி போனால் வங்கதேசத்தோடு சரிசமமாக நிற்கலாம் என்பதும் நிஜம். ஆனால் பேச்சு முடிந்த பிறகு சட்ட வாசகம் சரிபார்த்து, அவர்களுடைய எல்லா மொழிகளிலும் பெயர்த்து, மந்திரிகள் அவை கையெழுத்துக்கு ஒப்புக்கொண்டு, பாராளுமன்றமும் சம்மதிக்க வேண்டும். தென் அமெரிக்க மெர்கோசூர் நாடுகளோடு போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். பிரான்ஸ், போலந்து எதிர்த்தும் 2026 ஜனவரியில் மந்திரிகள் பக்கம் தேறி, கையெழுத்தும் ஆனது. சில நாளிலேயே பாராளுமன்றம் அதை ஐரோப்பிய நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பிவிட்டது. விவசாயிகள் கொதிப்பு அங்கே அப்படி. நம் ஒப்பந்தத்தில் பால் மாதிரி பெரிய தகராறுகளை முன்பே ஒதுக்கிவிட்டதால் அந்த அளவுக்கு எதிர்ப்பு இராது என்று நம்புகிறேன். இருந்தாலும் அமல் தேதி வந்து, எக்ஸ்போர்ட்டர் ஆர்டரை எழுத்தில் கொடுக்கட்டும், அப்புறம் லோன் போடுங்கள்.

செக்கிங் டேபிள்:
எல்லோரும் சட்டம் சொல்கிறீர்கள், செலவு யார் தலையில் விழுகிறது என்று ஒருவரும் பேசவில்லையே. எனக்கு இதில் கோபமே வருகிறது. பையர் எக்ஸ்போர்ட்டரிடம் தள்ளுகிறார், எக்ஸ்போர்ட்டர் பவர்டேபிளிடம் (நம்மைப் போல் தைத்துக் கொடுக்கும் யூனிட்டிடம்) தள்ளுகிறார், ஒரு பீஸுக்குத் தரும் ரேட் மட்டும் நகருவதில்லை. வாங்கும் கம்பெனி தன் கொள்முதல் முறையைத் திருத்த வேண்டும், சிறிய சப்ளையருக்குக் கைகொடுக்க வேண்டும் என்று பிறகு தளர்த்திய அந்த 2024 சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அதை எடுத்துச் சொல்லிப் பேப்பர் வேலைக்கும் சேர்த்து ரேட் கேளுங்கள். தனியாகக் கேட்டால் ஆர்டரை வேறு யூனிட்டுக்கு மாற்றிவிடுவார்கள், அதனால் அதே கம்பெனிக்குத் தைக்கும் நாலு யூனிட் சேர்ந்து போங்கள்.

ஹேங்டேக் (துணியில் தொங்கவிடும் அட்டை) அடிப்பவர்களுக்கும் ஒரு சேதி: 2026 செப்டம்பர் 27 முதல் ஆதாரம் இல்லாமல் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று போட்டு அங்கே விற்க முடியாது. பழைய ஆர்ட்வொர்க்கை அப்படியே பிரிண்டுக்கு அனுப்பாமல், மெர்ச்சண்டைசரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டு அடியுங்கள்.