தெரு மழைத்தண்ணீரை வைகைக்குப் போகுமுன் வடிகட்ட முடியுமா?

செல்லூர்க்காரன்:
எங்கள் தெரு வாறுகால் (வடிகால்) பந்தல்குடி கால்வாயில் விழுகிறது. அங்கிருந்து நேரே வைகைதான். தெருவில் வரிசையாக டூவீலர் ஒர்க்ஷாப்புகள். ஒரு தூறல் போதும், ஆயில் படலம் மினுங்கிக்கொண்டு ஓடும். தெருக்கடைசியில் சங்கத்து இடம் கொஞ்சம் காலியாகக் கிடக்கிறது. மணலும் ஜல்லியும் போட்டு வடிகட்டலாமா? 2024 அக்டோபரில் வீட்டுக்குள் தண்ணி புகுந்ததிலிருந்து, வாறுகாலில் கை வைத்தாலே சண்டைக்கு வருகிறார்கள்.

பழைய ஓவர்சியர்:
தம்பி, முதலில் பங்குனி வெயிலில் போய் வாறுகாலை எட்டிப் பாருங்கள். அப்போதும் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் இல்லை, யாரோ கக்கூஸ் பைப்பைச் சொருகியிருக்கிறார்கள். அதை அடைக்காமல் மணல் போட்டால் சீக்கிரமே கறுத்து, களி பிடித்து நாறிவிடும். மதுரையில் பாதிக் கதை இதுதான்.

காய்ந்து கிடந்தால் மேலே பேசலாம். எல்லா மழையையும் வடிக்க ஆசைப்படாதீர்கள். கோடை முழுக்க ரோட்டில் சேர்ந்த டயர்த் தூள், பிரேக் தூள், ஆயில் எல்லாம் பெரும்பாலும் முதல் தண்ணீரிலேயே வந்துவிடும். அதைப் பிடித்தால் போதும். அக்டோபர் மழை மாதிரி கொட்டினால் தண்ணீர் மணலுக்குள் போகாமல் தாண்டிப் போக, கண்மாய்க்கு வைப்பது போல ஒரு மறுகால் கட்டாயம் வேண்டும். சண்டைக்கு வருகிறவர்களிடம் முதலில் மறுகாலைக் காட்டுங்கள்.

வரிசை இப்படி: கம்பிக் கிராதி, அடுத்து மண் படிய ஒரு தொட்டி, அதற்கப்புறம்தான் மணல் படுகை. தொட்டியை விட்டுவிட்டால் மணல் ஒரே பருவத்தில் அடைத்துக்கொள்ளும். படுகையின் அடியில் ஓட்டை போட்ட பிவிசி பைப், அதை மூடி 20 மி.மீ. ஜல்லி, மேலே சிப்ஸ் (பொடி ஜல்லி), அதன்மேல் இரண்டடி மணல். எம்-சாண்ட் என்றால் கழுவிப் போடுங்கள், அதிலுள்ள பவுடர் கெடுத்துவிடும். இடம்? 20 சென்ட் ரோடும் தளமும் தருகிற தண்ணீருக்கு முக்கால் சென்ட் போதும்.

சுற்றுச்சூழல் மாணவி:
ஓவர்சியர் ஐயா சொன்ன மணலில் கொஞ்சம் மக்கு (மக்கிய உரம்) கலந்து வெட்டிவேர் நடலாம். வேர் மண்ணை இறுகவிடாது. அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் ரோட்டுத் தண்ணீரில் கோஹோ சால்மன் மீன்கள் செத்தன. டயரிலிருந்து வரும் ஒரு ரசாயனம்தான் காரணம் என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். அந்த ரோட்டுத் தண்ணீரையே மணலும் மக்கும் கலந்த மண்ணில் வடித்து விட்டபோது மீன்கள் பிழைத்தன.

செல்லூர்க்காரன்:
நன்றிங்க ஐயா. பராமரிப்புக்கு என்ன செய்ய?

பழைய ஓவர்சியர்:
ஐப்பசிக்கு முன்னால் மேல் மணலை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துப் புதுசு போடுங்கள். எடுத்த மணலில் ஆயிலும் உலோகமும் இருக்கும், தென்னைக்குப் போட்டுவிடாதீர்கள். கிராதியில் சிக்கும் கேரிபேக்கை ஒவ்வொரு மழை முடிந்ததும் எடுக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் யார் தருவது என்று கூட்டத்தில் முடிவு செய்துவிட்டு அப்புறம் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.