இன்றைய காதல் கதைகளில் ஊர் எங்கே போயிற்று?

திருநெல்வேலிப் பக்கத்து வாசகர்கள் மூவரின் பேச்சு

டவுண் வாசகர்:
இப்போது வரும் உறவுக் கதைகள் எனக்கு அலுத்துவிட்டன. ஓர் ஆணும் பெண்ணும் காபிக் கடையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தங்களைப் பற்றியே பேசுகிறார்கள். என்ன வேலை, யார் பெற்ற பிள்ளைகள், ஒன்றும் தெரிவதில்லை. நம் புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையைப் பாருங்கள். பிரமநாயகம் பிள்ளைக்குப் பட்டணத்து ஜவுளிக் கடையில் வேலை. நோயாளி மனைவிக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறார். அவள் இறந்ததும் வெந்நீர் போட்டுத் தன் கையாலேயே குளிப்பாட்டுகிறார். இதற்கு மேல் காதலைப் பற்றி என்ன பேச வேண்டும்?

பாளை வாசகி:
அண்ணாச்சி, அந்தக் கதை எனக்கும் உயிர். ஆனாலும் அது பெரும்பாலும் பிரமநாயகம் பிள்ளையின் மனத்தோடுதான் நடக்கிறது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலில் பிலோமியின் காதலன் சாமிதாஸ் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். பிலோமி அவனை வெறுக்காமல் ஏற்றுக்கொள்கிறாள். அந்தப் பெருந்தன்மையை எத்தனை காலமாக மெச்சிக்கொண்டிருக்கிறோம்! இன்றைய கதையில் வரும் பெண் “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று முகத்துக்கு நேரே கேட்கிறாள். அந்தப் பேச்சு எனக்கு வேண்டும்.

டவுண் வாசகர்:
தாராளமாகக் கேட்கட்டும், தங்கச்சி. ஆனால் பிலோமிக்குத் தோழியாக ரஞ்சி இருந்தாள். இன்றைய கதைகளில் தோழி என்று ஒருத்தி வந்தால், நாயகியின் அழுகையைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறாள். அவளுக்கென்று ஒரு வீடு, ஒரு கவலை கிடையாதா?

சுரண்டைக்காரன்:
நீங்கள் இருவருமே சாதியைத் தொடவில்லை. எங்கள் பக்கம் ஒரு பையன் தனக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி முடிக்கும் முன்பே “எந்தத் தெரு?” என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வி வராத காதல் கதையை என்னால் நம்ப முடியவில்லை. சென்னைக்குப் போனாலும் வீட்டுக்காரர் சுற்றி வளைத்து அதையேதான் விசாரிக்கிறார்.

பாளை வாசகி:
முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திருநெல்வேலிக் காதல் என்றாலே அரிவாளில்தான் முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் எனக்கு வலிக்கிறது. எதிர்ப்பை மீறிக் கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று, இங்கேயே குடித்தனம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் இன்னும் வாசற்படி ஏறியிருக்க மாட்டார்கள். வீட்டுக்குள்ளோ, இன்றைக்கு யார் பாத்திரம் கழுவுவது என்று சண்டை நடக்கும். அந்தச் சண்டையை யாராவது எழுதுங்கள், அண்ணாச்சி. பக்கம் பக்கமாகப் பேசினாலும் பரவாயில்லை.