ஓய்வு வருகிறது, யூனிட்டை மாற்றவா?

பெரிய மாமா: அடுத்த ஆகஸ்டோடு வேலை முடிகிறது. என்னிடம் இருப்பதெல்லாம் பங்கு ஃபண்டில் வாங்கிய அக்யூமுலேஷன் யூனிட். இனிச் செலவுக்குக் காசு வேண்டுமே, எல்லாவற்றையும் இன்கமுக்கு மாற்றிவிடட்டுமா?

சின்ன மாமா: உடனே மாற்றுங்கள் அண்ணா. இன்கம் ஃபண்டில் டிவிடென்ட், அதுதான் கம்பெனிகள் லாபத்திலிருந்து தரும் காசு, அதிகம்.

அக்கா: சின்ன மாமா, அது வேறு இது வேறு. டிவிடென்ட் அதிகம் தரும் கம்பெனிகளாகப் பார்த்து வாங்குவது இன்கம் ஃபண்ட். பெரிய மாமா கேட்பது இன்கம் யூனிட். ஃபண்ட் அதேதான், உள்ளே இருக்கும் பங்குகளும் அவையேதான். டிவிடென்ட் உள்ளேயே தங்கினால் அக்யூமுலேஷன், வெளியே காசாக வந்தால் இன்கம்.

சின்ன மாமா: சரி, போட்ட பணத்தில் கை வைக்காமல் சாப்பிடலாம் அல்லவா?

அக்கா: மனசுக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் டிவிடென்ட் வெளியே போனால் யூனிட் விலையும் அந்த அளவு இறங்கும். அக்யூமுலேஷனில் நாலு யூனிட் விற்று எடுப்பதும் ஏறக்குறைய அதுவேதான். அப்புறம், டிவிடென்ட் சம்பளம் அல்ல. 2020இல் ஷெல் எண்ணெய்க் கம்பெனியே குறைத்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதல் முறையாக.

மாமி: எனக்குத் தானாக வந்து விழுந்தால் நிம்மதி. இவர் விற்கிற பட்டனை அழுத்த மூன்று நாள் யோசிப்பார்.

அக்கா: அது நல்ல காரணம் மாமி 😄 ஆனால் எல்லா ஃபண்டும் மாதாமாதம் தராது. சிலது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, சிலது வருடத்துக்கு இரண்டே தடவை. மாமா, இதெல்லாம் எங்கே இருக்கிறது? ஐசா என்கிற பிரிட்டன் வரியில்லாச் சேமிப்புக் கணக்கிலா, பென்ஷனிலா?

பெரிய மாமா: பாதி ஐசா. மீதி சும்மா சாதாரணக் கணக்கில். அதில்தான் காசே கைக்கு வருவதில்லையே, வரியும் இல்லை.

அக்கா: ஐயோ மாமா. அங்கேதான் பிரச்சினை.

அக்கா: ஐசாவுக்குள் எது வைத்தாலும் வரி இல்லை. வெளியே இருந்தால், டிவிடென்ட் உங்கள் கைக்கு வராவிட்டாலும் வந்ததாகத்தான் வரித்துறை கணக்கு வைக்கும். வருடத்துக்கு எவ்வளவு வரும்?

பெரிய மாமா: 900 பவுண்டு இருக்கும். பல வருடமாக வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் கேட்பார்களா?

அக்கா: பயப்படாதீர்கள். வரியில்லாத வரம்பு 2018இலிருந்து 2,000, 2023 ஏப்ரலில் 1,000, 2024 ஏப்ரலிலிருந்து 500. அதற்கு முன்னால் 900 வரம்புக்குள்தான். இப்போதுதான் 400 வெளியே நிற்கிறது. வரித்துறைக்கு ஒரு போன் போட்டால், சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று காட்டும் டாக்ஸ் கோடில் சரிசெய்வார்கள்.

நான்: விற்கும்போது அதே காசுக்குத் திரும்பவும் வரி வராதா?

அக்கா: சரியான கேள்வி. கவனிக்காவிட்டால் வரும். 10,000க்கு வாங்கி 16,000க்கு விற்றால் லாபம் 6,000 என்று எழுதிவிடுவோம். இடையில் 2,400 டிவிடென்ட் உள்ளே தங்கியிருந்தால் அதை வாங்கிய விலையோடு கூட்ட வேண்டும். லாபம் 3,600தான். வருடத்துக்கு 3,000 வரை லாபத்துக்கு வரி இல்லை, ஆகவே 600க்கு மட்டும்.

பெரிய மாமா: அப்போ மாற்றவா வேண்டாமா? ஒரு வார்த்தையில் சொல் பிள்ளை.

அக்கா: வெளியே இருப்பதை இன்கமுக்கு மாற்றுங்கள். வரி எப்படியும் உண்டு, காசாவது கைக்கு வரட்டும், கணக்கும் சுலபம். அதே ஃபண்டுக்குள் மாற்றுவது விற்பனை ஆகாது. வருடம் 20,000 வரை ஐசாவுக்குள் கொண்டுபோகலாம், ஆனால் அதற்கு விற்றுத்தான் வாங்க வேண்டும், அந்த 3,000ஐப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐசாவில் இருப்பது இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். முதலில் பழைய வரிச் சான்றிதழ்களை எடுத்து வையுங்கள்.

மாமி: வருடாவருடம் தபாலில் வருமே, அதுவா? அவற்றின் பின்பக்கத்தில்தான் இவர் சுடோகு போடுகிறார்.

அக்கா: ஆன்லைனிலும் இருக்கும் மாமி.

பெரிய மாமா: பாஸ்வேர்டையும் அதில்தான் எழுதி வைத்தேன்.