காய்ச்சல் வருவதற்கு முன்பே கீழே இருக்கும் கிளினிக்கைப் பார்த்து வையுங்கள்

சிங்கப்பூருக்கு வந்ததும் வீடு, பள்ளிக்கூடம், சிம் கார்டு, தேக்காவில் (லிட்டில் இந்தியா) மளிகை என்று ஓடுகிறோம். டாக்டரை மட்டும் உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் தேடுகிறோம். உட்லண்ட்ஸில் குடியேறிய இரண்டாவது வாரம் எங்களுக்கு நடந்தது இதுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு மகளுக்கு உடம்பு கொதித்தது. இங்கே வாங்கிய தெர்மாமீட்டர் 39.4 என்று காட்டியது. அது நம் ஊர்க் கணக்கில் 103 என்று புரியவே ஒரு நிமிடம் ஆனது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். பக்கத்து புளோக் கிளினிக்கில் விளக்கு எரிந்தது, டாக்டரும் உள்ளே இருந்தார், ஆனால் பதிவை அரை மணி நேரம் முன்பே நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய் நாலு மணி நேரம் காத்திருந்து, நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கட்டி, பாராசிட்டமால் சிரப்போடு திரும்பினோம்.

அதனால்தான் சொல்கிறேன், முதல் சனிக்கிழமையே கீழே இறங்கி ஒரு சுற்று வாருங்கள். அடுக்குமாடிப் பேட்டைகளில் தனியார் கிளினிக் இல்லாத இடம் அபூர்வம். கதவில் ஒட்டியிருக்கும் நேரப் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல கிளினிக்குகள் மதியம் மூடிவிட்டு மாலையில் திறக்கும். ஞாயிறு காலை மட்டும் பார்ப்பவர்களும் உண்டு. சீனப் புத்தாண்டு சமயத்தில் பெரும்பாலும் அடைத்திருக்கும்.

"பாலிகிளினிக் (அரசு கிளினிக்) போ, அதுதான் மலிவு" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அவர்கள் குடிமக்களாகவோ பிஆர் (நிரந்தரவாசி) ஆகவோ இருப்பார்கள். வேலை பாஸில் வந்த நமக்கு அங்கே அரசு மானியம் கிடையாது. தனியார் கிளினிக்கில் மானியம் தரும் சாஸ் அட்டை குடிமக்களுக்கு மட்டும். 2023இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசின் குடும்ப டாக்டர் திட்டம் 40 வயது நிரம்பிய குடிமக்களுக்கும் பிஆர்களுக்கும்தான். ஆக, நமக்குக் கீழ் புளோக் டாக்டர்தான் கதி. அது நல்ல கதியும்கூட.

முதலில் கம்பெனி எச்ஆரிடம் பேனல் கிளினிக் (கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள கிளினிக்) பட்டியலைக் கேளுங்கள். அதில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தால் அங்கேயே போங்கள். உங்கள் வேலை பாஸ் ஒர்க் பர்மிட், எஸ் பாஸ் வகை என்றால் முதலாளி வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அது ஆஸ்பத்திரியில் தங்கிப் பார்ப்பதற்கும் டே சர்ஜரிக்கும்தான். சளி, காய்ச்சலுக்கு யார் பணம் கட்டுவது என்பதைத் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகாத நாளுக்கு எம்சி (டாக்டர் தரும் மருத்துவச் சான்றிதழ்) இல்லாமல் முடியாது. 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தெரிவித்துவிட வேண்டும். சம்பளத்தோடு கூடிய 14 நாள் மருத்துவ விடுப்பு, சேர்ந்து ஆறு மாதம் ஆன பிறகுதான் முழுதாகக் கிடைக்கும். மூன்று மாதம் முடிந்தால் 5 நாள்.

அப்புறம், மருந்து. நம் ஊரில் டாக்டர் சீட்டு எழுதுவார், நாம் மெடிக்கல் ஷாப்புக்கு நடப்போம். இங்கே கிளினிக்கிலேயே மருந்தைப் பொட்டலம் போட்டுக் கொடுத்து ஒரே பில்லாகச் சேர்த்துவிடுவார்கள். மாதக்கணக்கில் சாப்பிடும் மாத்திரை என்றால் சீட்டு மட்டும் எழுதித் தரச் சொல்லி வெளியே பார்மசியில் வாங்கலாம். கேட்பதில் தப்பே இல்லை. அம்மா வந்திருந்தபோது பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. அட்டையைக் காட்டி "டெல்மா" என்றேன், டாக்டருக்குப் புரியவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் டெல்மிசார்டன் 40 என்று இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னதும் எடுத்துக் கொடுத்துவிட்டார். கிளைகோமெட் என்றால் இங்கே மெட்ஃபார்மின், தைரோநார்ம் என்றால் லெவோதைராக்சின். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மருந்தின் உள்பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள்.

பெற்றோரைக் கூட்டிப் போகும்போது மொழியில் கவனம் வேண்டும். எங்கள் டாக்டர் சீனர், மிகவும் பொறுமைசாலி. ஒருமுறை அம்மா "நெஞ்சைக் கரிக்குதுப்பா" என்றார். நான் அவசரத்தில் நெஞ்சு வலி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவர் உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார். அப்படிச் செய்ததுதான் சரி. ஆனால் சாப்பிட்ட பிறகுதான் கரிக்கிறது, புளித்த ஏப்பம் வருகிறது என்பதை நான் சொல்லவே இல்லை. இப்போதெல்லாம் கிளம்பும் முன் அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்கிறேன். தமிழ் பேசும் டாக்டர்தான் வேண்டும் என்றால் போன் செய்து கேளுங்கள், கவுன்டரில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள்.

டாக்டர் பிடித்துவிட்டால் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். போன தடவை எந்த ஆன்டிபயாடிக்கில் தடிப்பு வந்தது என்று அவருடைய குறிப்பில் இருக்கும்.

காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் போனால் டெங்குவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று நீங்களே கேளுங்கள். உங்கள் புளோக்கில் சிவப்பு டெங்கு பேனர் (அந்தப் பகுதியில் டெங்கு அதிகம் என்ற எச்சரிக்கை) தொங்கினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ நினைவு தப்பினாலோ கிளினிக் தேட வேண்டாம், நேராக ஆம்புலன்ஸுக்கு 995.