ஒரே விறகுக் கணப்பால் வீடு முழுவதும் சூடாகுமா? மின்விசிறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

வடக்குவாசல்:
சென்ற வாரம் மரவாணர் இங்கே ஓர் அறிவுரை எழுதியிருந்தார். "ஒரே ஒரு விறகுக் கணப்பு போதும், அது இருக்கும் அறையின் வாசலில் ஒரு மின்விசிறியை வைத்துச் சூடான காற்றை மற்ற அறைகளுக்குத் தள்ளிவிட்டால் வீடு முழுவதும் கதகதப்பாகிவிடும்" என்பது அதன் சாரம். அதற்குக் கீழே வரிசையாக நன்றிகள் குவிந்திருப்பதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. திறந்த வாசல் ஒன்றின் மேற்பாதி வழியாகச் சூடான காற்று வெளியேறுகிறது, கீழ்ப்பாதி வழியாகத் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வாசலில் மேலும் கீழுமாக இரண்டு மெல்லிய நூல்களைக் கட்டித் தொங்கவிட்டால் அவை எதிரெதிர்த் திசைகளில் சாய்வதைக் கண்ணாலேயே காணலாம். அப்படியிருக்க, தரையில் வைத்த விசிறியால் வெளிநோக்கி ஊதுவது, உள்ளே வர விரும்பும் குளிர்காற்றை மல்லுக்கட்டித் திருப்பி அனுப்பும் வேலை. விசிறியைக் குளிர்ந்த அறையின் பக்கம், தரையில், கணப்பை நோக்கி, மெதுவான வேகத்தில் வைக்க வேண்டும்.

மரவாணர்:
என் பெயரைத் தலைப்பில் போடாமல் விட்ட பெருந்தன்மைக்கு நன்றி. இத்தளத்தில் பலர் விறகை ஒளிப்படத்தில் பார்த்த காலத்திலிருந்தே நான் விறகு எரித்து வருகிறேன். வெப்பம் இருப்பது கணப்பறையில், தேவைப்படுவது படுக்கையறையில். பசித்தவனுக்குச் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பார்களா, அல்லது அவனுடைய பசியைச் சோற்றுப் பானைக்கு ஊதி அனுப்புவார்களா? மேலும், விசிறியைத் தரையில் வைக்குமாறு நான் எங்கே எழுதினேன்? என்னுடையது வாசலின் மேல்மூலையில் பொருத்தப்பட்டிருக்கிறது.

அளவுகோல்:
இருவரிடமும் ஒரு கேள்வி. "வீடு முழுவதும் சூடாவது" என்றால் என்ன? கடைசி அறை 20 பாகை செல்சியசில் இருக்க வேண்டுமா, அல்லது குழாய்த் தண்ணீர் உறையாமல் இருந்தால் போதுமா? சுவர்களிலும் கூரையிலும் வெப்பக்காப்பு உண்டா? ஒரு கன மீட்டர் காற்று ஒரு பாகை வேறுபாட்டுக்குச் சுமார் 1.2 கிலோஜூல் வெப்பத்தையே சுமக்கும். மணிக்கு 200 கன மீட்டர் காற்றைத் தள்ளும் சிறு விசிறி, இரு அறைகளுக்கும் இடையே 10 பாகை வேறுபாடு இருக்கும்போது, ஏறத்தாழ 0.7 கிலோவாட் வெப்பத்தைத்தான் கடத்தும். நல்ல காப்புள்ள ஓர் அறைக்கு அது போதும். காப்பே இல்லாத நான்கு அறைகளுக்கு எந்தத் திசையில் ஊதினாலும் போதாது.

வடக்குவாசல்:
அளவுகோல் அவர்களின் கணக்கு இருக்கட்டும். திசையைப் பற்றிய கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. மேல்மூலை என்ற செய்தி இன்றுதான் முளைத்திருக்கிறது; சென்ற வாரப் பதிவில் உயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, நன்றி சொன்னவர்களில் எத்தனை பேர் தரையில் வைத்துவிட்டுக் குளிரில் நடுங்குகிறார்களோ தெரியாது. 15 பாகையில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.225 கிலோ, 30 பாகையில் சுமார் 1.165 கிலோ. அந்த ஐந்து விழுக்காட்டு வேறுபாடுதான் வீட்டுக்குள் காற்றை நகர்த்தும் எந்திரம். அதன் போக்கோடு சேர்ந்து தள்ளினால் சிறு விசிறியே போதும்.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. கணப்பறையிலிருந்து காற்றை வெளியே ஊதும்போது அவ்வறையின் அழுத்தம் சிறிதளவாவது குறைகிறது. தணல் அடங்கிப் புகையை மேலே இழுக்கும் புகைபோக்கியின் இழுவிசை தளர்ந்திருக்கும் நேரத்தில், அல்லது விறகு போடக் கணப்பின் கதவைத் திறக்கும் நேரத்தில், புகை அறைக்குள் திரும்ப அது போதுமான காரணம். அப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்நோக்கி ஊதும் விசிறியால் இந்த இடர் வராது.

சாம்பல்:
விசிறிக்காக இவ்வளவு மூச்சு விடுபவர்கள், விறகைப் பற்றி ஒரு வரியாவது எழுதக்கூடாதா? புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் பாதி வரை தண்ணீராக இருக்கலாம். அதிலிருந்து கிலோவுக்குச் சுமார் 2.2 கிலோவாட் மணிதான் தேறும். ஈரம் 20 விழுக்காட்டுக்கு இறங்கிய விறகு சுமார் 4 கிலோவாட் மணி தரும். வன்மரங்களைப் பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கி, ஓராண்டோ இரண்டாண்டோ காத்திருந்தால்தான் அந்த நிலை வரும். பத்து கிலோவாட் வெப்பம் இழக்கும் வீட்டுக்கு, 75 விழுக்காட்டுத் திறனுள்ள கணப்பில் உலர்ந்த விறகே மணிக்கு 3.3 கிலோ வேண்டும். இரவில் கணப்புக்குள் காற்று நுழையும் வழியை முழுவதும் அடைத்துவிட்டு விடியும் வரை தணலைக் காப்பாற்றுமாறு மழைக்காலத்தில் மரவாணர் எழுதியதும் எனக்கு மறக்கவில்லை. காற்றில்லாமல் புகைந்து எரியும் விறகு புகைபோக்கியின் உட்சுவரில் கிரியோசோட் என்ற தார் போன்ற படிவைச் சேர்க்கும். பிறகு ஒருநாள் அப்படிவே தீப்பிடிக்கும்.

மரவாணர்:
"முழுவதும்" அடைக்க நான் ஒருபோதும் சொல்லவில்லை. சாம்பல் அவர்களுக்கு என் பதிவுகளைப் பாதி மட்டும் படிக்கும் பழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. என் புகைபோக்கி ஆண்டுதோறும் தவறாமல் துடைக்கப்படுகிறது.

வடக்குவாசல் அவர்களுக்கு: தரையை ஒட்டிக் கணப்பறைக்குள் குளிர்காற்றை ஊதினால், கணப்பின் முன் அமர்ந்திருப்பவரின் கால்கள் விறைக்கும். வீட்டில் உள்ள ஒரே சூடான அறையையும் குளிரவைப்பதா உங்கள் தீர்வு? சூடான காற்றை நகர்த்தும் எண்ணம் என்னுடைய கண்டுபிடிப்பும் அன்று. பெஞ்சமின் பிராங்கிளின் 1740களில் வடிவமைத்த கணப்பே காற்றைச் சூடாக்கி அறைக்குள் அனுப்பியது. அவரைவிட நீங்கள் அறிந்தவரா என்று கேட்கலாமா?

வடக்குவாசல்:
தாராளமாகக் கேட்கலாம். பிராங்கிளினின் மூல வடிவத்தில் புகை முதலில் கீழிறங்கி, அதன் பிறகுதான் புகைபோக்கிக்குள் ஏற வேண்டியிருந்தது. அதனால் இழுவிசை குன்றியது, பின்வந்தவர்கள் அதைத் திருத்த நேர்ந்தது. காற்றின் இயல்புக்கு எதிராகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்றை நானே தேடியிருந்தாலும் கண்டிருக்க மாட்டேன். எனக்காக எடுத்துக் கொடுத்தமைக்கு நன்றி.

கால் விறைக்கிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள். மெதுவான வேகம் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன், பாதி மட்டும் படிக்கும் பழக்கம் யாருக்கு என்பதை மற்றவர்கள் தீர்மானிக்கட்டும். விசிறி கணப்பை நோக்கித்தான் இருக்க வேண்டும்.

அளவுகோல்:
ஒரு வாசல் வழியே எவ்வளவு நிறையுள்ள காற்று போகிறதோ, அவ்வளவு நிறை திரும்பியும் வந்தாக வேண்டும். ஆகவே மேலே வெளிநோக்கி ஊதினாலும், கீழே உள்நோக்கி ஊதினாலும், இரண்டும் இயற்கைச் சுழற்சியின் போக்குக்குத் துணையாகவே இருக்கின்றன. நீங்கள் இருவரும் ஒரே சக்கரத்தின் இரு பக்கங்களைத் தள்ளுகிறீர்கள். இதைவிட, விசிறியே இல்லாமல் வழக்கமான உயரமுள்ள கதவு முழுவதும் திறந்திருந்தால், 5 பாகை வேறுபாட்டில் ஏறத்தாழ ஒரு கிலோவாட் வெப்பம் தானாகவே கடந்துவிடும். வீட்டின் காப்பு எப்படி, கடைசி அறை எத்தனை பாகையில் இருக்க வேண்டும் என்று மீண்டும் கேட்கிறேன்.

மரவாணர்:
என் முறையும் சரி என்று அளவுகோல் அவர்களே ஒப்புக்கொண்டதைக் கவனத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

வடக்குவாசல்:
அவர் ஒப்புக்கொண்டது வாசலின் மேல்விளிம்பில் வைத்த விசிறியை. அறிவுரையாக இங்கே எழுதப்பட்டதோ உயரமே குறிப்பிடாத விசிறி. மேல்மூலையில் வைத்தாலும் கணப்பறையின் அழுத்தம் குறைவது குறைவதுதான், அதற்கு மரவாணரிடமிருந்து இதுவரை ஒரு வரி விடை இல்லை. அவருடைய பழைய பதிவு இன்னும் திருத்தப்படாமல் அப்படியே நிற்கிறது, இன்று காலைகூட அதற்கு ஒருவர் நன்றி தெரிவித்திருக்கிறார்.

சாம்பல்:
இரவில் காற்று வழியை அடைப்பது பற்றிய பதிவும் திருத்தப்படாமல்தான் நிற்கிறது.

மரவாணர்:
திருத்தவும் மாட்டேன். என் விசிறி மேல்மூலையில், வெளிநோக்கி, இந்தக் கணமும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி அறையிலும் யாரும் கம்பளி போர்த்தியிருக்கவில்லை.

அளவுகோல்:
அந்த அறையில் வெப்பமானி என்ன காட்டுகிறது?

வடக்குவாசல்:
வெப்பமானியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வாசலில் அந்த இரண்டு நூல்களையும் கட்டி, விசிறியை நிறுத்திவிட்டு, எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவர் எழுதட்டும்.